யார் நடந்த பாதை?

மொழிபெயர்ப்பவர்களுக்குச் சில சொற்கள் வேலை வைப்பதில்லை. ‘கிராவல்’ அப்படி ஒரு சொல். வீட்டு மனையை மேடாக்குகிறவர், பஞ்சாயத்து ரோடு போடும் காண்ட்ராக்டர், லாரி டிரைவர் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் அது கிராவல்தான். மராட்டியத்தில் முரூம் என்பார்கள். ஆனால் ‘கிராவல் பைக்’ என்று வந்தால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. இது மோட்டார் வண்டி அல்ல, மிதித்து ஓட்டும் சைக்கிள். பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி, அதைவிட அகலமான டயர் (35 முதல் 50 மில்லிமீட்டர்), சேற்றிலும் பிடிக்கிற டிஸ்க் பிரேக். தார் முடிகிற இடத்தில் மற்ற சைக்கிள்காரர்கள் திரும்பிவிடுவார்கள். இவர்களுக்கு அங்கேதான் பயணம் ஆரம்பம்.

அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியா நகரத்தில் 2006ல் சரளைக்கல் பாதையில் 200 மைல் பந்தயம் ஒன்று தொடங்கியது. 2022ல் இத்தாலியில் உலக சாம்பியன் போட்டியே நடந்துவிட்டது. மும்பைவாசிக்கு இந்த ஆசை வந்தால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருப்பவருக்குத் தாணே பக்கத்தில்தான். குன்று, காடு, நதிப் பள்ளத்தாக்கு மூன்றும் ஒரே மாவட்டத்தில் கிடைக்கின்றன.

நகரத்தை ஒட்டியே இருப்பது யேவூர். பெயரைக் கேட்டால் நம் பக்கத்துக் கிராமம் என்று தோன்றும். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் தாணே வாசல் அது. வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஏற்றம், மூங்கில், இடையிடையே வார்லிகளின் குடியிருப்புகள். சிறுத்தை உலவும் காடு என்பதால் இருட்டில் வேலை இல்லை. இந்த மலைகளில் கார்வி என்ற செடி எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். நம் குறிஞ்சியின் உறவுக்காரச் செடி. 2016ல் பூத்தது, பிறகு 2024ல். வெளியூர்க்காரர்கள் பூவைப் படம் எடுக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் அதன் தண்டுகளை வரிசையாகக் கட்டி, மண்ணும் சாணமும் பூசிச் சுவராக்குகிறார்கள்.

அடுத்தது உல்லாஸ் நதிப் பள்ளத்தாக்கு. லோனாவ்ளா பக்கத்து மலைகளில் பிறந்து கர்ஜத், பத்லாப்பூர், கல்யாண் வழியாகக் கடலுக்கு வரும் நதி இது. பத்லாப்பூரிலிருந்து பார்வி அணை வழியாக முர்பாட் போகிற பக்கம் நெல்வயலும் தேக்கும் மாறிமாறி வரும். முர்பாடைத் தாண்டிக் கிழக்கே போனால் சஹ்யாத்ரி சுவர்போல எழுந்து நிற்கும். அந்தச் சுவரில் ஒரு பிளவுதான் நானேகாட். கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து ஜுன்னருக்குச் சரக்கு ஏறிய கணவாய் அது. சாதவாகன அரசி நாகனிகாவின் கல்வெட்டு அங்கே குகைச் சுவரில் இருக்கிறது. கணவாயின் தலைமாட்டில் பெரிய கல்தொட்டி ஒன்று. வணிகர்களிடம் வாங்கிய சுங்கக் காசைப் போட்டுவைத்தது என்று சொல்வார்கள். கடைசி ஏற்றம் கற்படி, அதில் சைக்கிளைத் தோளில்தான் தூக்க வேண்டும். 2,000 வருடங்களுக்கு முன் மூட்டை தூக்கியவர்களை அப்போது நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஷாஹாப்பூர் தாலுக்காவில் தான்சா. 1892ல் கட்டி முடித்த அணை, சுற்றிலும் வனவிலங்குச் சரணாலயம். மும்பைக்குக் குடிநீர் தரும் ஏழு ஏரிகளில் தான்சா ஒன்று. அங்கிருந்து நகரத்தை நோக்கி ஆள் உயரத்துக்கும் மேலான இரும்புக் குழாய்கள் புறப்படுகின்றன. குழாயைக் கவனித்துக்கொள்ளப் போட்ட பாதைகளும் கூடவே வருகின்றன. பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத, கப்பியும் மண்ணுமான பாதை கிராவல் சைக்கிளுக்கென்றே போட்டதுபோல இருக்கும். மாநகராட்சிக் காவல் உள்ள இடங்களில் அனுமதி வேண்டும்.

வழி சொல்லுவது இத்துடன் முடிந்துவிடலாம். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம், எந்த மாதத்தில் போகலாம் (அக்டோபர் முதல் பிப்ரவரி, மழைக்காலத்தில் முரூம் சோப்பாகிவிடும்) என்பதோடு செல்போன் வரைபடங்கள் நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் இந்தப் பாதைகளில் ஒன்றுகூட சைக்கிள் விடுகிறவருக்காகப் போட்டதல்ல.

குழாய்ப் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மும்பையின் தண்ணீர் ஓடும் குழாய்க்கு அருகிலேயே ஷாஹாப்பூர் கிராமங்களில் கோடையில் கிணறு வற்றுகிறது. டேங்கர் வருகிறது, பெண்கள் குடத்தோடு நடக்கிறார்கள். அதே குழாயின் மும்பை முனையில் வேறு கதை. குழாயை ஒட்டி இருந்த குடிசைகளை, இருபுறமும் பத்து மீட்டருக்கு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி அகற்றினார்கள். காலியான இடத்தில் சுமார் 39 கிலோமீட்டர் சைக்கிள் பாதை போடும் திட்டத்தை மாநகராட்சி அறிவித்தது. அகற்றப்பட்ட குடும்பங்களில் பலவற்றுக்கு செம்பூரை அடுத்த மாஹுலில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில் வீடு கொடுத்தார்கள். மூச்சு விட முடியவில்லை என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். வெளியே குடியிருக்க மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுக்கும்படி 2019ல் உயர் நீதிமன்றம் சொன்னது. குழாயின் ஒரு முனையில் தண்ணீர் இல்லாதவர்கள், மறுமுனையில் வீடு போனவர்கள். நடுவில் நாம் சைக்கிள் விடப் போகிறோம்.

இதைவிடச் சங்கடமான விஷயம் தார். கிராவல் சைக்கிள்காரருக்குத் தார் போடாத ரோடு அதிர்ஷ்டம். அந்த ரோட்டின் கடைசியில் இருக்கும் குடியிருப்புக்கு அது சாபம். 2014 வரை தாணே மாவட்டத்தில் இருந்து, இப்போது பால்கர் மாவட்டத்தில் இருக்கும் மொகாடாவில், 2022 ஆகஸ்டில் பிரசவித்த ஒரு பெண்ணை ரோடு இல்லாததால் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். இரட்டைக் குழந்தைகளும் பிழைக்கவில்லை. டோலிச் செய்திகள் மழைக்காலத்தில் ஷாஹாப்பூர் பக்கமிருந்தும் வருகின்றன. இதே ஷாஹாப்பூர் வழியாகத்தான் மும்பை-நாக்பூர் சம்ருத்தி நெடுஞ்சாலை போகிறது. 701 கிலோமீட்டர் நீளம், 2025 ஜூனில் முழுவதும் திறந்தார்கள். அதில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, பைக்குக்கும் இல்லை. பாதங்களுக்கு ரோடு வரவில்லை, கார்களுக்கு வந்துவிட்டது.

அதற்காக சைக்கிளை வீட்டில் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. நல்ல கிராவல் சைக்கிளின் விலை லட்சத்தைத் தாண்டும். தாராவியிலிருந்து விடிகாலையில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பும் நம்மவரின் சைக்கிள் அதில் ஒரு சிறு பங்கு விலைதான். ஆனாலும் வாரம் ஆறு நாள் லோக்கல் ரயிலில் நசுங்குகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு காடு வேண்டியிருக்கிறது. அதில் குற்றம் காண எதுவுமில்லை. வழி சொல்லும் முறையைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

வழி சொல்வதில் தமிழுக்கு அனுபவம் அதிகம். ‘ஆறு’ என்றால் நமக்கு நதியும் அதுதான், வழியும் அதுதான். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளில் மலை, காடு, நதிக்கரை வழியாக நன்னனின் ஊருக்கு வழி சொல்கிறது. பாசி படிந்த வழுக்குப் பாறை, பாம்பு இருக்கும் குழி, தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறி, காவல்காரர் எறியும் கவண்கல் என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கிறது. அதோடு நிற்கவில்லை. வழியில் யார் இருக்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், வருகிறவர்களுக்கு என்ன சாப்பாடு தருவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. அங்கே வழி என்பதில் மனிதர்களும் அடக்கம்.

நாமும் அப்படி எழுதலாம். இந்தத் திருப்பத்தில் ஒரு வார்லிக் குடியிருப்பு, மெதுவாகப் போகவும். ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கிணற்றில் பாட்டில் நிரப்ப வேண்டாம், தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுவரவும். நவம்பரில் இந்த ரோட்டில் நெல் காயும், இறங்கித் தள்ளிக்கொண்டு போகவும். மரங்கள் அடர்ந்த அந்தத் திட்டு கோயில் காடு, உள்ளே சக்கரம் வேண்டாம். சாயா, பொஹா கிடைக்கும் வீடு இது, காசைக் கேட்காமலே கொடுக்கவும். சிறுவர்கள் சைக்கிளைத் தொட்டுப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. ஒரு வருடம் கழித்துப் போகும்போது அந்தப் பாதையில் தார் போட்டிருந்தால் முகம் சுளிக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வர ஒரு ரோடு கிடைத்திருக்கிறது. பட்டியலிலிருந்து அந்தப் பாதையை அடித்துவிட்டு வேறொன்றைத் தேடிக்கொள்ளலாம். தாணேயின் மலைகளில் கப்பிக்கும் முரூமுக்கும் பஞ்சம் வர இன்னும் நாளாகும்.