மார்க் ஓ'கானரின் வில்

நாட்டுப்புற வயலினில் தொடங்கி ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதப் போனவர்களை ‘எல்லை கடந்தவர்’ என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எப்படிக் கடந்தார் என்பதுதானே வாசிக்கிறவர்களுக்கு வேண்டியது? அமெரிக்க ஃபிடில் கலைஞர் மார்க் ஓ'கானரை எடுத்துக்கொள்வோம்.

1961இல் சியாட்டிலில் பிறந்தவர். அவர் வாசிப்புக்கு உருக்கொடுத்தவர் டெக்ஸாஸ் பாணியின் பெரியவர் பென்னி தாமசன். அந்தப் பாணியில் மெட்டின் ஒவ்வொரு பகுதியும் திரும்ப வரும்போது வேறு உருவில் வந்தாக வேண்டும். அதே நேரம் ஆடுகிறவரின் கால் தடுமாறக் கூடாது. வில்லை மாற்றும் இடம் தாளத்தோடு ஒட்டியும் தாளத்தைத் தாண்டியும் விழும்; மெட்டுக்கு அசைவு அங்கிருந்துதான் வருகிறது. கமகம் என்றதும் இடது கையைப் பார்க்கிற நமக்கு, இது வலது கைப் பாடம்.

ஐடஹோவில் உள்ள வீசர் ஊரின் தேசிய ஃபிடில் போட்டியில் ஒரு துரித நடன மெட்டு, ஒரு வால்ட்ஸ், சொந்த விருப்பமாக ஒன்று என்று சில நிமிடங்களுக்குள் வாசித்துக் காட்ட வேண்டும். 1979, 1980, 1981, 1984 ஆண்டுகளில் அங்கே முதலிடம் அவருக்கு.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பதினேழு பதினெட்டு வயதில், ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் சுற்றுப்பயணத்தில் சேர்ந்தார், கிட்டார் வாசிக்க! பெரிய வித்வானின் சொற்றொடர்கள் எங்கே மூச்சு விடுகின்றன என்பதைப் பக்கவாத்தியக்காரராக உட்கார்ந்து அறிவதைவிட நல்ல பாடம் உண்டா? பிறகு ராக் குழு. அதன்பின் 1980களில் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்கள், நூற்றுக்கணக்கான ஆல்பங்கள். அடுத்தவர் பாட்டுக்கு எட்டே வரியில் பொருந்தி வாசிக்கும் ஒழுக்கம் அங்கே படிந்தது.

செல்லோ கலைஞர் யோ-யோ மா, பாஸ் கலைஞர் எட்கர் மேயர் இருவரோடும் 1996இல் வெளியான ‘அப்பலாச்சியா வால்ட்ஸ்’ இசைத்தட்டைக் கேட்டால் இத்தனையும் புலப்படும். தலைப்பு மெட்டில் போட்டி மேடை வால்ட்ஸின் வேர் இருக்கிறது. ஆனால் அவசரம் இல்லை. இரட்டைத் தந்தி ஒலிப்பு நீள வில்லில் நிற்கிறது, விரல் அதிர்வு மிகக் குறைவு. செவ்வியல் மேடையில் வளர்ந்த மா ஃபிடிலின் வில்லுக்கு இறங்கி வருகிறார். ஃபிடிலர் தன் உச்சரிப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

ஓ'கானரின் ஆர்கெஸ்ட்ரா படைப்புகள் எல்லாமே இந்த உயரத்தில் இல்லை. ஃபிடில் கான்செர்ட்டோவில் தனி வயலின் பேசும்போது இருக்கும் உயிர், வாத்தியக் குழு மட்டும் ஒலிக்கும் பகுதிகளில் தளர்வதாகவே என் காதுக்குப் படுகிறது.

ஆசிரியர்கள் பார்க்க வேண்டியது 2009 முதல் வெளிவந்த அவருடைய பாட நூல்களை. முதல் புத்தகமே ‘பாயில் எம் கேபேஜ் டவுன்’ என்ற எளிய நாட்டுப்புற மெட்டில் ஆரம்பிக்கிறது; அதன் மாறுபாடுகளையும் குழந்தை உடனே வாசிக்கக் கற்கிறது. அவர் சுஸுகி வயலின் பயிற்றுமுறையோடு நடத்திய வாக்குவாதங்களில் எனக்கு உடன்பாடு குறைவு. இருந்தாலும் அந்த முதல் புத்தகத்தை வாங்கி, மாணவரின் வலது கையைக் கவனித்தபடி ஒரு பருவம் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். கிடைத்த அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் இடம் ஒதுக்குகிறோம்.