கையைக் குறை சொல்லாதீர்கள்

"அப்பா, எனக்குக் கை சின்னது. என்னால முடியாது. இனி கிளாசுக்குப் போகல."

இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஜூன் மாலையில் என் மகள் இப்படிச் சொன்னாள். பத்து வயது. அதற்கு முந்தைய விஜயதசமியன்றுதான் கிட்டாரைக் கையில் எடுத்திருந்தாள். திருவனந்தபுரத்தில் நவராத்திரி என்றால் சரஸ்வதியே பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக வந்து கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் அமர்கிற நாட்கள். ஒன்பது மாலையும் கச்சேரி, பத்தாம் நாள் வித்யாரம்பம். அப்படிப்பட்ட நாளில் தொடங்கிய பிள்ளை எட்டே மாதத்தில் கையை விரித்துக் காட்டி "இது போதாது" என்று நிற்கிறாள். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

விரல் நீளம் போதாது, கீபோர்டுக்கு மாற்றிவிடலாம் என்பது அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரின் தீர்ப்பு. வாங்கிய கடையிலோ, "ஃபுல் சைஸே எடுங்க, வளர வளரச் சரியாயிடும்" என்றார்கள். பள்ளிச் செருப்பை ஒரு அளவு பெரிதாக வாங்கும் பழக்கத்தில் நானும் தலையாட்டினேன். விரல் நோகக் கூடாதே என்று நைலான் தந்தி போட்டதாகவே பார்த்து வாங்கினேன். அங்கேதான் தப்பு நடந்தது. நைலான் தந்தி மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் அந்த வகைக் கிட்டாருக்குத்தான் கழுத்து மிக அகலம்.

கிட்டார்காரர்கள் 'நெக்' என்று சொல்லும் கழுத்தைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அன்றிரவு. ஸ்பெயின் மரபில் வந்த நைலான் கிட்டாரில், தந்திகள் கழுத்துக்குள் இறங்கும் 'நட்' என்ற இடத்தில் அகலம் 52 மில்லிமீட்டர். எஃகுத் தந்திக் கிட்டாரில் அது 43, 44. எலெக்ட்ரிக் கிட்டாரில் 42, 43. ஒன்பது மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். பத்து வயதுச் சுண்டுவிரலின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். மேல் தந்தியை எட்ட அந்த விரல் இன்னொரு விரல் தூரம் போகவேண்டும்.

அகலம் ஒரு பக்கம், நீளம் இன்னொரு பக்கம். நட்டிலிருந்து, தந்தியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் நீளம் முழு அளவுக் கிட்டாரில் 650 மில்லிமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அல்மேரியாவில் பிறந்த அந்தோனியோ தோரஸ் என்ற கைவினைஞர் நிலைப்படுத்திய அளவு அது. வளர்ந்த மனிதர்களின் கைக்காக அமைந்தது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளை 'ஃபிரெட்' என்பார்கள். இந்த நீளத்தில் முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காவது ஃபிரெட் வரை 98 மில்லிமீட்டர் வரும். ஆள்காட்டி விரலை ஒன்றிலும் சுண்டுவிரலை நான்கிலும் வைக்க அவ்வளவு விரியவேண்டும். நான் என் கையை ஸ்கேல்மேல் வைத்துப் பார்த்தேன், சிரமமில்லை. தூங்கிக்கொண்டிருந்தவளின் கையை மெல்ல எடுத்து வைத்துப் பார்த்தேன். எட்டியது. ஆனால் தோல் வெளுத்துப்போகும் அளவுக்கு இழுபட்டது.

மறுநாள் சாலைக் கடைத்தெருப் பக்கம் வயலின், கிட்டார் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் இரண்டையும் கொண்டுபோனேன், கிட்டாரையும் பிள்ளையையும். அவர் கிட்டாரின் உறையைக்கூடத் திறக்கவில்லை. "மோளே, கையைக் காட்டு" என்றார். விரல்களை விரிக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே தன் சுட்டுவிரலை வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அப்புறம்தான் கிட்டாரை எடுத்தார். மூன்றாவது ஃபிரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கு மேலே இருக்கும் இடைவெளியைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். அங்கே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இருந்தால் போதும். எங்கள் கிட்டாரில் ஒரு தடித்த அட்டையே நுழைந்தது.

பிறகு இரண்டாவது ஃபிரெட்டில் ஒரு கேப்போவை மாட்டினார். தந்திகளைக் குறுக்கே அமுக்கிப் பிடிக்கும் கிளிப். "இப்ப வாசி." வாசித்தாள். எட்டு மாதமாக டப் டப் என்று செத்துப்போய் ஒலித்த கார்ட், பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் அந்தச் சுரக்கூட்டு, மணிபோலக் கேட்டது. என் மகள் கிட்டாரைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது.

அவர் செய்ததில் மந்திரம் ஏதுமில்லை. இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டால் 650 மில்லிமீட்டர் தந்தி 579 ஆகிவிடுகிறது. பிள்ளைகளுக்கென்று செய்யும் முக்கால் அளவுக் கிட்டாரின் நீளம் பொதுவாக 580 வாக்கில் இருக்கும், கிட்டத்தட்ட அதே கணக்கு. 98 மில்லிமீட்டர் விரிய வேண்டிய கை இப்போது 87 விரிந்தால் போதும். நட்டில் தந்தி உயரமாக நின்ற குறையும் மறைந்துவிடுகிறது. அகலம் மட்டும் குறையாது. அதற்குக் கழுத்தையேதான் மாற்றவேண்டும்.

கழுத்தின் தடிமனைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். மெலிந்த கழுத்துதான் சுகம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. கை பெரியவர்களுக்கு மெல்லிய கழுத்தில் உள்ளங்கைக்குப் பிடிமானம் கிடைக்காது, கட்டைவிரல் அளவுக்கு மீறி அழுத்தும், அரை மணியில் மணிக்கட்டு வலிக்கும். 1950களின் கடைசியில் கிப்சன் செய்த லெஸ் பால் கிட்டார்களின் கழுத்து உருண்டு திரண்டிருக்கும். 1960-இல் அது மெலிந்தது. இரண்டையும் தேடிப்போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கைகள் இரண்டு விதம் என்பதுதான் காரணம்.

நாகர்கோவிலில் என் அத்தை வீணை வாசிப்பார். சின்னக் கை அவருக்கு. ஆனாலும் வீணையின் கழுத்தான அந்த அகலமான தண்டியில் விரல் தடுமாறி நான் பார்த்ததில்லை. வீணையில் இடக்கை தண்டியை இறுக்கிப் பிடிப்பதில்லை. சுரைக்குடுக்கை இடது தொடையில் படிய, கை தண்டியைச் சுற்றி வந்து தந்தியை மேலிருந்து தொடுகிறது. நான்கு தந்திகளையும் சேர்த்து அமுக்கும் வேலையும் இல்லை, பெரும்பாலும் ஒன்றில்தான் பாட்டு. வீணையின் ஃபிரெட்டான மெட்டு ஒன்றிலேயே நின்று தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்த ஸ்வரத்தையும் அதற்கடுத்ததையும் தொடவேண்டும். அப்படி இழுக்க இடம் வேண்டாமா? அதனால்தான் அங்கே அகலம் வசதியாகிறது. கிட்டாரில் ஒரு பிள்ளையின் கையை முடக்கும் அதே அகலம், வீணையில் கமகத்துக்கு வழிவிடுகிறது.

கையைக் குறை சொல்லாமல் வாத்தியத்தைப் பார்ப்பது திருவனந்தபுரத்துக்குத் தெரியாததல்ல. 1939-இல் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய இசைப் பள்ளி இன்றைய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி. கே. எஸ். நாராயணசாமி வீணை கற்பித்தது அங்கேதான். வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளையும் மெழுகில்தான் பதிக்கிறார்கள். 'மேளம் கட்டுதல்' என்று அதற்குப் பெயர். நாள்பட நாள்பட அந்த மெழுகு இளகினால், மெட்டு நகர்ந்தால், எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். சுருதி விலகினால் முதலில் வாத்தியத்தைப் பார்க்கும் பழக்கம் வீணைக்காரர்களுக்கு உண்டு. அந்தப் பழக்கம் கிட்டார் வகுப்புகளுக்கு வந்துசேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

மாண்டலின் ஸ்ரீனிவாஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயதில், 1978-இல், குடிவாடாவில் முதல் கச்சேரி. மாண்டலினின் தந்தி நீளம் கிட்டாரில் பாதியைவிடச் சற்றே அதிகம், கழுத்தோ குழந்தைக் கையில் அடங்குவது. மேதைமை அவருடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மேதைமை போய்ச்சேர்ந்த வாத்தியம் அந்தக் கைக்குப் பொருந்தியது. அதோடும் அவர் நிற்கவில்லை. இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் கமகத்துக்கு இடைஞ்சல் என்று கண்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார். பெரிய பியானோ கலைஞரான யோசப் ஹாஃப்மனுக்குக் கை சிறியது. ஸ்டைன்வே நிறுவனம் அவருக்கென்று கட்டைகளின் அகலத்தைக் குறைத்துப் பியானோ செய்துகொடுத்தது. உலகம் போற்றிய அவரிடம் யாரும் கீபோர்டுக்கோ புல்லாங்குழலுக்கோ மாறச் சொல்லவில்லை.

நம் ஊர் மழையையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், கிட்டாரின் மேல்பலகை மேலெழும், தந்தி ஃபிரெட்டிலிருந்து விலகி உயரும். எஃகுத் தந்திக் கிட்டார்களின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. கழுத்து வளைந்தால் அதைத் திருகி நேராக்கலாம். கிப்சன் நிறுவனம் அதற்குக் காப்புரிமை பெற்றது 1923-இல். ஆனால் நைலான் கிட்டார்களில் பெரும்பாலும் அது கிடையாது. டிசம்பரில் எளிதாக வந்த கார்ட் ஜூலையில் வரவில்லை என்றால், பிள்ளை பயிற்சி செய்யவில்லை என்று திட்டுவதற்கு முன் ஒரு தரம் தந்தியின் உயரத்தைப் பாருங்கள்.

நாங்கள் முக்கால் அளவுக் கிட்டார் ஒன்றை வாங்கினோம். நீளம் 580, நட்டில் அகலம் 48. சாலைப் பெரியவர் நட்டின் காடிகளை அரத்தால் ஒரு மணிநேரம் நிதானமாக இழைத்துக் கொடுத்தார். எல்லாக் கிட்டார் பிள்ளைகளையும் அழவைக்கும் எஃப் கார்ட் அவளுக்கு மூன்றாவது வாரத்தில் வந்தது. இன்று தேவாலயப் பாடல் குழுவில் வாசிக்கும் தோழியோடு போட்டி போட்டுக்கொண்டு 'அவியல்' குழுவின் பாட்டை எடுத்துப் பார்க்கிறாள். இதே திருவனந்தபுரத்தில் உருவான குழு என்பதில் அவளுக்குக் கூடுதல் பெருமை. பழைய கிட்டார் சுவரில் தொங்குகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் அது அவளுக்குப் பொருந்தும்.

அந்த எட்டு மாதங்களில் அவள் தன் கையை வெறுத்தாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வருத்தம் தாங்கவில்லை. வருகிற விஜயதசமிக்குப் பிள்ளையைக் கிட்டார் வகுப்பில் சேர்க்கப்போகும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைக்குப் பிள்ளையையும் கூட்டிப்போங்கள். மூன்று அளவுக் கிட்டார்களையாவது மடியில் வைத்துப் பத்து நிமிடம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டைப்பையில் பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், வகுப்பை நிறுத்துவதற்கு முன் இரண்டாவது ஃபிரெட்டில் ஒரு கேப்போவை மாட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.