பத்தாம் வகுப்பு தேறியவருக்குப் பாதுகாப்பு வேண்டாமா?

புது தில்லி: கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ளது கொல்லயில் ஊராட்சி. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக் கோடு ஊர்களைப் பிரித்தது, உறவுகளைப் பிரிக்கவில்லை. களியக்காவிளையின் இளைஞரும் கொல்லயிலின் இளைஞரும் இன்றும் ஒரே திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்துதான் வளைகுடா நாடுகளுக்குப் புறப்படுகின்றனர்.

நுழைவு அனுமதி, மருத்துவப் பரிசோதனை, விமானக் கட்டணம், முகவருக்கான தொகை என்று கடன் வாங்கிக் கட்டிய பின்னர், கடைசியாக ஒரு சிறு கேள்வி எழுகிறது. பயணக் காப்பீடு எடுப்பதா, வேண்டாமா? ஏற்கெனவே லட்சக்கணக்கில் செலவழித்தவருக்கு அந்தச் சில நூறு ரூபாய் வீண் செலவாகத் தோன்றுவது இயல்பே. நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது சாவைப் பற்றிப் பேசலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதும் உண்டு.

ஒரு பிரிவினருக்கு மட்டும் இந்தக் கேள்வியே எழுவதில்லை. அவர்கள் சார்பில் மத்திய அரசே முடிவெடுத்துவிட்டது. வெளிநாடு செல்ல முன் அனுமதி பெற வேண்டியவர் என்ற குறிப்புடன் கடவுச்சீட்டு வைத்திருப்போர், வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது, பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டைக் கட்டாயம் எடுத்தாக வேண்டும். 2003 டிசம்பரில் தொடங்கப்பட்டு, 2017-இல் திருத்தியமைக்கப்பட்ட திட்டம் இது. இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டணம் 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் ரூபாய் வரை ஈடு உண்டு. உடலைத் தாயகம் கொண்டுவரும் செலவும் இதில் அடங்கும். மாதத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கும் குறைவான தொகைக்கு இது குறைந்த பாதுகாப்பு அல்ல.

ஆனால், இந்தக் கட்டாயம் யாருக்கு இல்லை என்று பார்த்தால்தான் திட்டத்தின் ஓட்டை தெரிகிறது. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு முன் அனுமதி தேவையில்லை. வருமான வரி செலுத்துபவருக்கும் தேவையில்லை. ஐம்பது வயதைக் கடந்தவருக்கும் தேவையில்லை. முன் அனுமதி தேவையில்லை என்றால் கட்டாயக் காப்பீடும் இல்லை.

கல்வி முன்னரே வேரூன்றிவிட்ட மண் கேரளமும் குமரி மாவட்டமும். இங்கிருந்து புறப்படும் இளைஞர்களில் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வேறு மாநிலத்துச் சிற்றூரிலிருந்து, பள்ளிப் படிப்பை முடிக்காமல் துபாய் செல்லும் கொத்தனாருக்குக் காப்பீடு உண்டு. அதே சாரத்தில், அதே உயரத்தில் நின்று வேலை பார்க்கும் கொல்லயில் இளைஞருக்கு, அவர் தேர்ச்சி பெற்ற ஒரே காரணத்தால், அந்தக் கட்டாயக் காப்பீடு இல்லை. நோய்கள் அதிகம் தாக்கும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவரும் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்.

இந்தப் பாகுபாடு எப்படி வந்தது? 1922-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 1983-இல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டபோது, எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளரை முகவர்கள் ஏமாற்றாமல் காப்பதே முக்கிய நோக்கமாக இருந்தது. படித்தவர் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துத் தம்மைக் காத்துக்கொள்வார் என்று கருதப்பட்டது. மோசடியைப் பொறுத்தவரை அந்தக் கருத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் சாரம் சரிந்து விழும்போது, கீழே நிற்பவரின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டா விழுகிறது?

2024 ஜூன் 12 அதிகாலையில், குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பற்றியது. இரண்டு நாள் கழித்து இந்திய விமானப் படை விமானம் 45 இந்தியர்களின் உடல்களோடு கொச்சியில் இறங்கியது. அங்கே ஒப்படைக்கப்பட்டவை 31 உடல்கள். அவர்களில் 23 பேர் கேரளத்தினர், 7 பேர் தமிழர், ஒருவர் கர்நாடகத்தினர். பிரதமரின் நிவாரண நிதியிலிருந்து தலா 2 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. கேரள அரசும் தமிழக அரசும் தலா 5 லட்சம் ரூபாய் அறிவித்தன.

அந்த உதவிகள் வரவேற்கத்தக்கவையே. ஆனால் அவை கருணைத் தொகைகள். நாற்பது பேர் ஒரே இரவில் மாண்டால் நாடு கலங்குகிறது. அமைச்சர்கள் விமான நிலையத்துக்கு வருகின்றனர். ஒரே ஒருவர் ஒரு தொழிலாளர் முகாமில் உயிரிழந்தால் யார் வருகிறார்? கருணை, செய்தியின் அளவைப் பொறுத்தது. காப்பீடு அப்படியல்ல, அது உரிமை. கேட்டுப் பெறலாம்; மறுத்தால் வழக்காடலாம்.

மற்றொரு குறையும் உண்டு. கட்டாயக் காப்பீட்டில் 10 லட்சம் ரூபாய் என்பது விபத்து மரணத்துக்கு உரியது. கொளுத்தும் வெயிலில் உழைத்துவிட்டு வந்து, உறக்கத்திலேயே மாரடைப்பால் மறைபவரின் குடும்பத்துக்கு அத்தொகை இல்லை. பிலிப்பின்ஸ் நாட்டில் 2010-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, முகவர் நிறுவனங்கள் வழியே வெளிநாடு செல்லும் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் காப்பீடு கட்டாயம். அதில் விபத்து மரணத்துக்கு 15,000 டாலர்; இயற்கை மரணத்துக்கு 10,000 டாலர். கட்டணத்தைச் செலுத்த வேண்டியவர் முகவரே, தொழிலாளர் அல்லர். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமும் அங்கே இல்லை.

இன்னொரு முரணையும் பாருங்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளைச் சுற்றிப் பார்க்கச் செல்பவர் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இல்லாமல் குறுகிய கால நுழைவு அனுமதி பெற முடியாது. பத்து நாள் உல்லாசப் பயணத்துக்கு இத்தனை கண்டிப்பு. பத்து ஆண்டுகள் உழைத்து, வீட்டுக்கு அந்நியச் செலாவணி அனுப்பப் போகிறவருக்கு, ‘உங்கள் விருப்பம்’ என்ற பதில்.

கட்டாயம் என்பதே கெடுபிடியாக மாறிவிடும் என்ற அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. 2018 நவம்பரில், முன் அனுமதி தேவைப்படாதவர்களும் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், இல்லையேல் விமானத்திலிருந்து இறக்கிவிடப்படுவர் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த மாதம் முடிவதற்குள்ளாகவே உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் பாதுகாப்பை எதிர்க்கவில்லை. தவறாத பயணியைத் தண்டிக்கும் முறையைத்தான் எதிர்த்தனர். பயணியை விமான நிலையத்தில் மறிக்காமல், வேலை கொடுப்பவரின் ஒப்பந்தத்தோடும் முகவரின் உரிமத்தோடும் காப்பீட்டைப் பிணைத்திருந்தால் இந்தச் சிக்கல் எழுந்திராது.

படித்தவர்களை விதிக்குள் கொண்டுவரவே முடியாது என்பதும் சரியல்ல. செவிலியர்கள் மோசடிக்கு ஆளாவதாகப் புகார்கள் குவிந்தபோது, 2015-இல், அவர்களது கல்வித் தகுதியைப் பொருட்படுத்தாமல் அவர்களை முன் அனுமதி நடைமுறைக்குள் கொண்டுவந்தது இதே மத்திய அரசுதான். செவிலியருக்குப் பொருந்தியது மின்பணியாளருக்கும் ஓட்டுநருக்கும் ஏன் பொருந்தாது?

மாநில அரசுகள் வெறுமனே இருக்கவில்லை. கேரள அரசின் நோர்க்கா அமைப்பு, 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கொண்ட திட்டத்தை 2025 நவம்பரில் நடைமுறைப்படுத்தியது. தமிழகத்தின் வெளிநாடு வாழ் தமிழர் நல வாரியமும் உறுப்பினர்களுக்கு விபத்துக் காப்பீட்டு வசதி அளிக்கிறது. ஆயினும் இரண்டுமே விரும்பினால் சேரும் திட்டங்கள். விவரம் தெரிந்தவர் சேர்வார், தெரியாதவர் விடுபடுவார். களியக்காவிளைக்கு ஒரு திட்டம், சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கொல்லயிலுக்கு வேறொரு திட்டம். போகிற இடத்தின் ஆபத்தோ இருவருக்கும் ஒன்றே.

எனவே தீர்வு நாடாளுமன்றத்திலிருந்தே வர வேண்டும். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றும் முயற்சியில் 2019-இலும் 2021-இலும் வரைவுகள் வந்தன, சட்டமாகவில்லை. 2025 அக்டோபரில் மற்றொரு வரைவு, பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. 2024-இல் அமைக்கப்பட்ட வெளியுறவுத் துறை நிலைக்குழுவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் திருவனந்தபுரம் தொகுதி உறுப்பினர் சசி தரூர். கொல்லயில் அவரது தொகுதியிலேயே உள்ள ஊர். இப்பிரச்னையை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

புதிய சட்டத்தில் இடம்பெற வேண்டியவை மூன்று. கடவுச்சீட்டின் குறிப்பைப் பார்க்காமல், வேலைக்கான அனுமதியின் பேரில் செல்லும் அனைவருக்கும் காப்பீடு. இயற்கை மரணத்துக்கும் ஈடு. கட்டணப் பொறுப்பு முகவருக்கும் வேலை கொடுப்பவருக்கும். வாக்குச் சீட்டை வெளிநாட்டிலிருந்து செலுத்த முடியாத இவர்களுக்காகக் குரல் கொடுக்கும் கடமை, எல்லையின் இருபுறத்து உறுப்பினர்களுக்கும் உண்டு.

சட்டம் வரும்வரை முடிவு பயணியின் கையில்தான். எடுப்பதா, வேண்டாமா என்று தயங்குவோர் எடுப்பதே அறிவுடைமை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் போதாது. சுற்றுலாவுக்கான பயணக் காப்பீடு, உடலுழைப்பு வேலையில் நேரும் விபத்துக்குப் பெரும்பாலும் உதவாது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு ஈடு உண்டா, உடலைக் கொண்டுவரும் செலவு சேர்ந்ததா என்று கேட்டறிய வேண்டும். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். பத்திரத்தின் பிரதி ஒன்று ஊரில் மனைவியிடமோ தாயிடமோ இருக்க வேண்டும். காப்பீடு இருந்ததே தெரியாத குடும்பத்துக்கு அந்தக் காப்பீட்டால் பயனில்லை.

பிள்ளை பத்தாம் வகுப்பு தேறினால் பெற்றோர் ஊருக்கு இனிப்பு வழங்குகின்றனர். அந்தத் தேர்ச்சியே அவனது பாதுகாப்பைப் பறிக்கும் காரணமாக ஒரு நாட்டின் சட்டத்தில் இருக்கலாகாது.