செத்தவன் பென்ஷன் யாருக்கு?

"பி.எப். பிடிக்கிறாங்க, சரி. 58 வயசுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டா, அந்தப் பென்ஷன் காசு கவர்மென்டுக்குத்தானே?" தனியார் கம்பெனியில் வேலைக்குச் சேரும் பலரும் கேட்கும் கேள்வி இது. பாதி சரி, பாதி தவறு!

முதலில் கணக்கைப் பார்ப்போம். தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதம் அப்படியே பி.எப். கணக்குக்குப் போகிறது. அது அவருடைய சேமிப்பு. அவர் இறந்தால் வட்டியோடு நாமினிக்கு வந்துவிடும். முதலாளி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் மட்டும் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995-க்குப் போகிறது. 2014 செப்டம்பரில் வைத்த 15,000 ரூபாய் உச்சவரம்புப்படி இது மாதம் 1,250 ரூபாய். இது யாருடைய தனிக்கணக்கிலும் சேராது. எல்லோருக்குமான பொதுப் பானை.

15,000 ரூபாய் சம்பளத்தில் 14 வருடம் வேலை பார்த்தவருக்கு 58 வயதில் மாதம் 3,000 ரூபாய் பென்ஷன் (15,000 x 14 / 70). ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே அவர் இறந்தால் மனைவிக்குப் பாதி, அதாவது 1,500. அடுத்த வருடம் அவரும் இறந்து, பிள்ளைகளும் 25 வயதைத் தாண்டியிருந்தால்? அதோடு சரி. முன்பு மூலதனத்தைத் திரும்பப் பெறும் வழி ஒன்று இருந்தது. 2008-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இது கொள்ளையா? இல்லை. இன்னொரு வீட்டைப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரே ஒரு மாதச் சந்தா கட்டிய இளைஞர் பணியில் இருக்கும்போதே இறந்துபோகிறார். அவர் மனைவிக்கு ஆயுள் முழுவதும் பென்ஷன். இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை, அந்தத் தொகையில் தலா 25 சதவீதம். கல்யாணமாகாதவர் என்றால் நாமினிக்கு. நாமினி போடாவிட்டால் அவரை நம்பியிருந்த அப்பாவுக்கு, அவருக்குப் பின் அம்மாவுக்கு. கட்டியது 1,250, கிடைப்பது ஆயுள் பென்ஷன்! அந்தக் காசு எங்கிருந்து வரும்? முன்னவர் விட்டுப்போன பானையிலிருந்துதான். சீட்டு கட்டினால் கட்டியது திரும்ப வரும். இது சீட்டு அல்ல, காப்பீடு.

ஆக, கோபப்பட வேண்டிய இடம் இதுவல்ல. அந்த இளம் விதவை மறுமணம் செய்துகொண்டால் அன்றோடு அவர் பென்ஷன் நின்றுவிடுகிறது என்பதுதான் கோபப்பட வேண்டிய விதி!

மத்திய அரசு ஊழியர் இறந்தால், குழந்தையில்லாத மனைவி மறுமணம் செய்தாலும் வேறு வருமானம் குறைவாக இருந்தால் குடும்ப ஓய்வூதியம் தொடரும். 2006 முதல் அப்படித்தான். தமிழக அரசோ விதவை மறுமணத்துக்கு நிதியுதவியே கொடுக்கிறது. ஒரு கை கொடுக்கிறது, இன்னொரு கை பறிக்கிறது.

'புதுக் கணவர் பார்த்துக்கொள்வார், பிறகு எதற்குப் பென்ஷன்?' என்பார்கள். பிச்சை போடுகிறவர் கேட்கலாம் அந்தக் கேள்வியை. இது இறந்தவரின் உழைப்புக்காகக் கட்டப்பட்ட சந்தா. அதற்கான உரிமை தாலியோடு எப்படிப் போகும்?

2014-ல் வைத்த குறைந்தபட்சப் பென்ஷன் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்துக்காக யாரும் கல்யாணத்தை நிறுத்த மாட்டார்கள்தான். ஆனால் ஒரு பெண் புதுவாழ்வு தொடங்கினால் அபராதம் என்று சட்டமே சொல்வது நியாயமா? பானை பொதுவாகவே இருக்கட்டும். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட வேண்டும்.