பேய் விளையாட்டின் தத்துவார்த்தம்

சங்கரன்கோவில் வாலிபர்கள் மூவர் சென்ற மாதம் நம்மிடம் வந்து ஒரு வேடிக்கையான கேள்வியைப் போட்டார்கள். கம்ப்யூட்டரில் ஆடும் பேய் விளையாட்டு ஒன்று இருக்கிறதென்றும், அதன் கதைக்குள் ஏதோ மறைபொருள் ஒளிந்திருப்பதாக ஆடுகிறவர்கள் தேசந்தோறும் தர்க்கம் செய்கிறார்களென்றும், அது இன்னதென்று நாம் சொல்ல வேண்டுமென்றும் கேட்டார்கள். “பேயே கிடையாது என்று மேடைதோறும் பேசுகிறீர்களே, இந்தப் பேய்க் கதைக்கு என்ன அர்த்தம் சொல்லப் போகிறீர்கள்?” என்பது அவர்கள் நம்மை மடக்கிய விதம்.

நமக்கோ வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடப் படிப்பு எட்டாவதோடு நின்றுபோயிற்று. விளையாட்டென்றால் சடுகுடுவுக்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் கேட்டவர்கள் பகலில் கல்லூரிக்கும் இரவில் விசைத்தறிக்கும் போகிற பிள்ளைகள். ஆகவே இரண்டு இரவுகள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தோம். பார்த்தபின் நமக்குத் தோன்றியதை எல்லோருக்கும் சொல்வது நல்லதென்றே இதை எழுதுகிறோம்.

கதை இதுதான்

அந்த விளையாட்டைச் செய்தவர்கள் தைவான் தேசத்திலுள்ள ரெட் கேண்டில் கேம்ஸ் என்னும் கம்பெனியார். 2019-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் வெளியிட்டார்கள். இங்கிலீஷில் அதற்கு “டிவோஷன்”, அதாவது பக்தி என்று பெயர். சீன பாஷையில் வைத்த பெயருக்கு நேரான தமிழ், நேர்த்திக்கடன் செலுத்துதல் என்பதாகும். நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று நம் ஊராருக்கு எவரும் வியாக்கியானம் செய்ய வேண்டியதில்லை.

தைபே நகரத்தில் 1980-களில் ஒரு சிறு வீடு. தகப்பன் டூ ஃபெங்-யூ சினிமாவுக்குக் கதை எழுதுகிறவன். தாய் கோங் லி-ஃபாங் ஒரு காலத்தில் பேர்பெற்ற நடிகையாகவும் பாடகியாகவும் இருந்து, கல்யாணத்துக்காகத் தொழிலை விட்டவள். மகள் மெய்-ஷின் தாயைப் போலப் பாட ஆசைப்படுகிற சிறுமி. தகப்பன் எழுதும் கதைகளை யாரும் வாங்குவதில்லை. வீட்டில் பணம் குறைகிறது. மனைவி மறுபடி தொழிலுக்குப் போகிறேன் என்றால் அவனுக்கு மானம் போகிறது. தகப்பனுடைய பெருமை முழுவதும் அந்தச் சிறுமியின் குரலில் வந்து தொங்குகிறது. பாரம் தாங்காமல் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. டாக்டர்கள் சோதித்துவிட்டு, உடம்பில் கோளாறில்லை, மனநோய் வைத்தியரிடம் காட்டுங்கள் என்கிறார்கள். என் மகளுக்கா பைத்தியம் என்று அவன் கோபிக்கிறான்.

அங்கேதான் ஒரு சாமியாரம்மாள் நுழைகிறாள். காசு வாங்குகிறாள், பரிகாரம் சொல்லுகிறாள், மறுபடியும் காசு வாங்குகிறாள். மனைவி வீட்டை விட்டே போய்விடுகிறாள். கடைசியாக, பாம்பு ஊறிய அரிசிச் சாராயத்தில் பிள்ளையை ஏழு நாள் கிடத்தி வைக்கச் சொல்லுகிறாள் அந்த அம்மாள். தகப்பன் குளியல் தொட்டியில் மகளைக் கிடத்திக் கதவைச் சாத்துகிறான். ஏழு நாள் கழித்து அவன் பிள்ளை உயிரோடில்லை.

விளையாடுகிறவர் இவ்வளவையும் அந்தத் தகப்பனாகவே இருந்து பார்க்க வேண்டும். விளக்கு அணைகிறது, பொம்மை திரும்புகிறது, பெண் பேயுரு ஒன்று நடையில் துரத்துகிறது. உண்மையோ துண்டுக் காகிதங்களிலும், மகள் மடித்து வைத்த காகிதப் பூக்களிலும், வீட்டுச் சாமான்களிலும் சிதறிக் கிடக்கிறது. பொறுக்கிச் சேர்க்கிறவனுக்குத்தான் விளங்கும்.

மறைபொருள் வேட்டை

நிற்க. இந்த விளையாட்டில் மறைபொருள் தேடியவர்கள் முதலில் கண்டுபிடித்தது எது தெரியுமா? சுவரில் ஒட்டிய ஒரு மந்திரத் தகட்டில், சீன தேசத்து அதிபரை ஒரு கேலிச்சித்திரக் கரடியோடு சேர்த்துப் பரிகசிக்கும் எழுத்துக்கள் இருந்தன. உடனே சீனாவில் கூக்குரல் எழும்பிற்று. கம்பெனியார் மன்னிப்புக் கேட்டார்கள். வெளியான ஒரு வாரத்துக்குள் விளையாட்டு விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. 2020 டிசம்பரில் வேறொரு விற்பனைத் தளத்தார் விற்கப்போவதாகச் சொல்லி, அன்றைக்கே பின்வாங்கினார்கள். 2021-ஆம் வருஷம் மார்ச்சில் கம்பெனியார் தாங்களே கடை போட்டு விற்கத் தொடங்கினார்கள். இடையில் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் கிழக்காசிய நூலகம் அதைச் சேகரித்து வைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷம் சண்டை நடந்தது ஓர் அதிபரின் கௌரவத்தைப் பற்றி. தொட்டியில் கிடந்த பிள்ளையைப் பற்றியல்ல. மறைபொருள் தேடுகிற வழக்கத்தில் உள்ள அபாயம் இதுவேயாகும். எதைத் தேட வேண்டுமென்று தெரியாதவன், கண்ணெதிரே கிடக்கும் பிணத்தைத் தாண்டிக்கொண்டு போய்ச் சுவரைத் தடவுவான்.

இன்னொரு சங்கதியும் கவனிக்கத்தக்கது. அந்த வீட்டில் வைத்துக் கும்பிடப்படும் பெண் தெய்வம் கம்பெனியார் தாங்களே கற்பனை செய்து கொண்டது. பெயர் வைத்து, உருவம் எழுதி, பூஜை முறையும் ஏற்படுத்தினார்கள். ஆடுகிறவர்களுக்கோ அது ஆயிரம் வருஷத்துத் தெய்வம் போலவே பயம் காட்டுகிறது! ஒரு தெய்வத்துக்கு மகிமை உண்டாக எத்தனை காலம் வேண்டுமென்று கணக்குப் பார்க்கிறவர்கள் இதைக் குறித்துக் கொள்வார்களாக.

நமது ஊர்த் தத்துவார்த்தம்

மறைபொருள் சொல்லுவதில் தைவான்காரர் நமக்குக் கிட்டவும் வர முடியாது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள், சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று சண்டை போட்டார்களாம். அம்மன் தவமிருந்தாளாம். இருவரும் ஒருவரே என்று காட்ட அரனும் அரியும் ஓருடம்பாக வந்தார்களாம். அதற்காக வருஷந்தோறும் ஆடித் தபசுக்கு ஜனங்கள் லட்சக்கணக்கில் நம் ஊரில் வந்து கூடுகிறார்கள். பாம்பு பக்திநூல் வாதம் செய்யுமா என்று கேட்டால், பண்டிதர்கள் சிரித்துக்கொண்டு, “அப்பனே, அதை நேராகக் கொள்ளக்கூடாது, அதன் தத்துவார்த்தம் சமய ஒற்றுமை” என்று சமாதானம் சொல்லுகிறார்கள்.

சந்தோஷம். ஒற்றுமைதான் அர்த்தமென்றால், அதே கோவிலில் புற்றுமண்ணைச் சொறி சிரங்குக்குப் பூசவும் வாயில் போடவும் கொடுப்பது எந்தத் தத்துவார்த்தம்? தேளும் பாம்பும் தீண்டாமலிருக்கத் தகட்டில் செய்த தேளையும் பாம்பையும் வாங்கிக் காணிக்கை போடச் சொல்லுவது எந்தத் தத்துவார்த்தம்? அம்மன் சந்நிதிக்கு முன்னுள்ள சக்கர பீடத்தில், பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்களைக் கொண்டுவந்து உட்கார வைப்பது எந்தத் தத்துவார்த்தம்? கேள்வி கேட்கிறவனுக்கு உட்பொருள், கேளாதவனுக்குப் புற்றுமண் என்பதல்லாமல் இதற்கு வேறு என்ன பெயர்?

ஆகவே மறைபொருள் காண்பதற்கு நாம் ஒரு சாதாரண விதியைச் சொல்லுகிறோம். சொல்லுகிற அர்த்தத்துக்குக் கதைக்குள்ளேயே சாட்சி இருக்க வேண்டும். அந்த அர்த்தத்தைத் தெரிந்துகொண்ட பிறகு கதையை நம்பி யாரும் ஏமாறாதிருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நிற்காத வியாக்கியானம், கேள்வி கேட்கிறவன் வாயை அடைக்கப் போடும் பூட்டாகும்.

பேய் யார்?

இந்த விதியை வைத்து அந்த விளையாட்டைப் பார்ப்போம். பேய் வருகிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பேய் யாரைக் கொன்றது? ஒருவரையும் இல்லை. பிள்ளை இறந்தது சாத்திய கதவுக்குப் பின்னால். சாத்தியவன் தகப்பன். சாத்தச் சொன்னவள் சாமியார். சாத்தும் நிலைக்கு அவனைக் கொண்டுவந்தது, வைத்தியர் வார்த்தையைக் கேட்டால் ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். இவ்வளவுக்கும் கதைக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. பேய் என்பது, தான் செய்ததைத் தானே பார்க்கச் சகியாத மனிதன் தன் முன்னால் நிறுத்திக்கொண்ட திரை. திரையைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும் வரையில் கதவைத் திறக்க வேண்டியதில்லையல்லவா?

இதே கம்பெனியார் 2017-இல் “டிடென்ஷன்” என்று முன்னொரு விளையாட்டும் செய்தார்கள். தைவானில் 1949 முதல் 1987 வரை இருந்த இராணுவச் சட்ட காலத்தில், தடுக்கப்பட்ட புஸ்தகங்களை ரகசியமாகப் படித்த ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்தை ஒரு மாணவி காட்டிக் கொடுத்த கதை. அதிலும் பேய்கள் உண்டு. அதிலும் பேய்க்குப் பின்னால் நிற்பது மனிதர் செய்த காரியமே.

“ஒரு போலிச் சாமியார் செய்ததற்குப் பக்தியைக் குறை சொல்லலாமா?” என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தத் தகப்பன் போலியல்லவே! மகள் மீது அவனுக்குள்ள ஆசை உண்மை, நம்பிக்கை உண்மை, கொடுத்த பணமும் உண்மைப் பணம். பொய்யாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சோதித்துப் பார்க்க மட்டும் அவனுடைய பக்தி இடங்கொடுக்கவில்லை. கேள்வி கேட்பதே பாவம் என்று பழக்கப்பட்டவனுக்கு, அசல் சாமியார் எது, போலிச் சாமியார் எது என்று பிரிக்கத் தராசு ஏது?

இது தைவான் கதை மாத்திரமா?

2001-ஆம் வருஷம் ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதிக் கொட்டகை தீப்பற்றிற்று. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தபடியால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அங்குள்ள தர்காவில் நோய் தீருமென்று குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுப் போனவர்கள் அவர்கள். அந்தச் சங்கிலியைப் பூட்டியது பேயா? கோவிலானாலும் தர்காவானாலும் சர்ச்சானாலும் நமக்கு ஒன்றுதான். 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாதென்று விதித்திருக்கிறது. அதற்கு 28 பேர் வெந்து, பிறகு பதினாறு வருஷமும் போகவேண்டியிருந்தது.

நம் வீட்டுச் சங்கதியையும் சொல்லிவிடுகிறோம். நமக்குப் பத்து வயதிருக்கும்போது நமது தமக்கையாருக்குக் கை கால் இழுத்து மயக்கம் வரும். பக்கத்துக் கிராமத்தில் ஒரு கோடாங்கியிடம் கூட்டிப் போனார்கள். இருட்டறையில் வைத்து வேப்பங்குழையால் அடித்தார்கள். அந்தக் குழையை ஒடித்துக்கொண்டு வந்து கொடுத்தது நாம்தான். அடி விழுந்தது பேய்க்கு என்று நம்பினோம். அழுதது நம் அக்காள் என்பது நம் காதில் விழவில்லை. பல வருஷங்கழித்துப் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் அது வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார், நின்றது. இன்றைக்கும் அக்காள் கதவைத் தாழ்போட்டுத் தூங்குவதில்லை. விளையாட்டில் அந்தக் குளியலறைக் கதவு வந்தபோது நாம் பார்க்கமாட்டாமல் எழுந்து வெளியே வந்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கப்படவில்லை.

பின்னாலேயே வந்தார் அந்த வாலிபர்களில் ஒருவர். அவருடைய தங்கை பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை நெருங்க நெருங்க இரவில் மூச்சு முட்டுகிறதாம். வரும் வெள்ளிக்கிழமை பீடத்தில் உட்கார வைப்பதென்று வீட்டில் பேசி முடித்திருக்கிறார்களாம். மறைபொருள் கேட்க வந்த காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

அவருக்குச் சொன்னதையே எல்லாத் தோழர்களுக்கும் சொல்லுகிறோம். மூச்சு முட்டுகிற பிள்ளையை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் கோளாறில்லை, மனதைக் கவனியுங்கள் என்று அவர் சொன்னால், அதை வசவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாளையங்கோட்டை அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு இருக்கிறது. பஸ்ஸில் போய் வரலாம். பேசுவதற்கு மட்டும் ஆள் வேண்டுமானால், சர்க்கார் 2022-இல் ஏற்படுத்திய டெலி மானஸ் என்னும் டெலிபோன் உதவிக்கு 14416 என்ற நம்பரைக் கூப்பிடலாம், காசு கிடையாது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, நீ முதல் மார்க்கு வாங்காவிட்டாலும் எங்கள் பிள்ளைதான் என்று ஒரு வார்த்தை அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். மெய்-ஷின் கடைசிவரை காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான் என்பது நமது அபிப்பிராயம்.

விளையாட்டில் எத்தனை முறை ஆடினாலும் அந்தப் பிள்ளை பிழைப்பதில்லை. அதைச் செய்தவர்கள் அப்படி எழுதிவிட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளையின் கதை இன்னும் எழுதி முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறதென்று அந்த வாலிபரிடம் சொல்லி அனுப்பினோம். இதைப் படிக்கிற தோழர்கள் வீட்டிலும் அப்படியொரு வெள்ளிக்கிழமை குறித்து வைத்திருந்தால், அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாளைக் குறியுங்கள்.