லிஸ்ட்ல இல்லாத சட்டத்துக்கு மரண தண்டனையா?

மக்களே, இந்தப் பக்கம் வந்து போறவங்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டுற கோஷ்டிங்கிறதால கொஞ்சம் தைரியமா இதை எழுதறேன். மத்தவங்க ஓட வேணாம், ப்ரோக்ராம் எதுவும் கிடையாது. :)

ஒரு நாட்டுல எந்தச் சட்டம் ஐரோப்பிய யூனியன் சட்டத்தோட ஒத்துப் போகுது, எது விலகி நிக்குதுன்னு கணக்கு வைக்க அரசாங்கம் ஒரு தரவுத்தளம் கட்டணும். இதைச் சொன்ன உடனே நம்மாளுங்க சொல்ற முதல் பதில், "இதுல என்ன பாஸ் இருக்கு? ஒரு டேபிள், நாலு காலம், ரெண்டு வாரத்து ஆணி". இப்ப புதுசா இன்னொண்ணு சேர்ந்திருக்கு. "ஏஐ கிட்ட குடுத்தா ஒரே ராத்திரியில முடிச்சிடும்." கேட்கும்போதெல்லாம் பத்திக்கிட்டு வருது. ஏன்னா பிரிட்டன் இந்த வேலையை நிஜமாவே செஞ்சு பார்த்து, சந்தி சிரிச்சது.

1973லிருந்து 2020 வரை 47 வருஷம் ஒண்ணா குடித்தனம் நடத்தினதுல, ஐரோப்பியச் சட்டம் பிரிட்டன் சட்டப் புத்தகத்துக்குள்ள ஊறிப் போயிருந்தது. ஊறுகாய் ஜாடியிலிருந்து உப்பைத் தனியா எடுக்கற கதைதான். வெளியேறும்போது ஒரு காரியம் புத்திசாலித்தனமா செஞ்சாங்க. 31 டிசம்பர் 2020 இரவு 11 மணிக்கு எதெல்லாம் அமல்ல இருந்ததோ, அதை அப்படியே நகல் எடுத்து உள்நாட்டுச் சட்டமா வெச்சுக்கிட்டாங்க. முழு பேக்கப் எடுத்துட்டு சர்வரை மாத்தற மாதிரி. இதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அப்புறம்தான் அரசியல் புகுந்தது. ஜூன் 2022ல, அப்ப பிரெக்ஸிட் வாய்ப்புகளுக்கான அமைச்சரா இருந்த ஜேக்கப் ரீஸ்-மாக் ஒரு டாஷ்போர்டை வெளியிட்டார். தக்கவைத்துக்கொண்ட ஐரோப்பியச் சட்டங்கள் 2,400க்கு மேல், 21 துறைகளில், எது மாறாம இருக்கு, எது திருத்தப்பட்டது, எது நீக்கப்பட்டதுன்னு கலர் கலரா படம். மக்கள் இதைப் பார்த்து எதைத் தூக்கலாம்னு யோசனை சொல்லலாமாம். செப்டம்பர் 2022ல ஒரு மசோதா வந்தது. அதோட சாரம் இதுதான்: அமைச்சர்கள் குறிப்பா எழுதிக் காப்பாத்தினாலொழிய, ஐரோப்பாவை ஒட்டிய துணை விதிகளும் நேரடியா வந்த ஐரோப்பியச் சட்டங்களும் 31 டிசம்பர் 2023 அன்னைக்குத் தானா செத்துப் போகும். சிலதுக்கு மட்டும் 23 ஜூன் 2026 வரைக்கும் ஆயுளை நீட்டிக்கலாம்.

நல்லா கவனிங்க. லிஸ்ட்ல இருக்கறதை அழிக்கலை. காப்பாத்தறோம்னு யாரும் சொல்லாததை அழிக்குது. அதாவது உங்க கண்ணுல படாத சட்டமும் காலி.

நவம்பர் 2022ல சேதி வந்தது: தேசிய ஆவணக் காப்பகம் தேடினதுல இன்னும் சுமார் 1,400 சட்டம் கிடைச்சிருக்கு! ஜனவரி 2023ல டாஷ்போர்டு எண்ணிக்கை 3,745. மே 2023ல 4,800ஐத் தாண்டியது. 2024ல அரசாங்கமே நாடாளுமன்றத்துக்குக் குடுத்த கணக்குல 6,700க்கு மேல். சுற்றுச்சூழல் துறை முதல்ல 570னு சொன்னது, சில மாசத்துல 1,700ஐத் தாண்டிடுச்சு. முதல் லிஸ்டை நம்பி ஸ்கிரிப்டை ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. மாஸ்டர் லிஸ்ட்ல இல்லாத ரெகார்டை எல்லாம் அழிக்கற ஒரு ஜாபை எந்த டிபிஏ ப்ரொடக்ஷன்ல ஓட விடுவார்? அதுவும் மாஸ்டர் லிஸ்ட் மாசா மாசம் ஆயிரம் ஆயிரமா வளர்ந்துக்கிட்டு இருக்கும்போது?

"அரசு ஊழியருங்க சோம்பேறிங்க, ஒரு லிஸ்ட் கூட ஒழுங்கா போடத் தெரியலை"ன்னு அப்ப ஒரு கூட்டம் கிளம்பியது. இது அநியாயம். அந்த லிஸ்டை ஏன் போட முடியலைங்கறதுல தான் விஷயமே இருக்கு.

ஐரோப்பா பக்கம் கணக்கு ரொம்ப சுத்தம். ஒவ்வொரு சட்டத்துக்கும் செலக்ஸ்னு ஒரு எண். ஜிடிபிஆருக்கு 3-2016-ஆர்-0679. முதல் 3ன்னா சட்டப் பிரிவு, அப்புறம் வருஷம், ஆர்னா ரெகுலேஷன், கடைசியில வரிசை எண். ப்ரைமரி கீ மாதிரி அழகா உட்கார்ந்திருக்கும். ரெகுலேஷன்னா உறுப்பு நாட்டுல நேரடியா செல்லும், அதைக் கண்டுபிடிக்கறது சுலபம். தலைவலி டைரக்டிவ். அது "இந்தப் பலன் கிடைக்கணும், எப்படின்னு நீயே உன் ஊர் சட்டத்துல எழுதிக்கோ"ன்னு சொல்லும். பிரிட்டன்ல அதைப் பெரும்பாலும் 1972ஆம் வருஷத்து ஐரோப்பிய சமூகச் சட்டம் 2(2) பிரிவு குடுத்த அதிகாரத்துல அமைச்சர்கள் விதியா எழுதினாங்க. ஆனா எல்லாத்தையும் இல்ல. வேற சட்டங்கள் குடுத்த அதிகாரத்துலயும் எழுதினாங்க, ரெண்டையும் கலந்தும் எழுதினாங்க. "இது ஐரோப்பாவிலிருந்து வந்தது"ன்னு ஒரு காலம் எந்தக் காலத்துலயும் கிடையாது. தேவையே இல்லை, ஏன்னா பிரியப் போறோம்னு யாரும் நினைக்கலை. சேர்த்து வைக்காத தகவலை எந்தக் கில்லாடி வந்தாலும் க்வெரி போட்டு எடுக்க முடியாது.

இன்னொரு கொடுமை இருக்கு. டாஷ்போர்டு எண்ணினது விதித் தொகுப்புகளை. ஒரு தொகுப்பு, ஒரு வரிசை. மசோதாவோ ஒரு விதி எந்த அளவுக்கு ஐரோப்பாவை ஒட்டி எழுதப்பட்டதோ அந்த அளவுக்கு மட்டும் சாகும்னு சொல்லியது. அதாவது வெட்டு விழறது உட்பிரிவுல, எண்ணறது புத்தகத்தை!

உதாரணம் சொல்றேன். 1998ஆம் வருஷத்து வேலை நேர விதிகள். பிரிட்டன்ல ஒரு தொழிலாளிக்கு வருஷத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோட லீவு. இது ஒரே இடத்திலிருந்து வந்ததுன்னு நினைச்சீங்களா? இல்லை. 13ஆவது விதி தர்ற 4 வாரம் ஐரோப்பிய டைரக்டிவிலிருந்து வந்தது. 13ஏ விதி தர்ற 1.6 வாரம் அவங்களே பின்னாடி சேர்த்தது (வாரம் 5 நாள் வேலைன்னா சரியா 8 நாள், அந்த ஊர் பொது விடுமுறைக் கணக்கு). அதுக்கு அதிகாரம் தந்தது 2006ஆம் வருஷத்து உள்நாட்டுச் சட்டம். அந்த மசோதா முதல்ல வந்த வடிவத்துல, யாரும் காப்பாத்தாம விட்டிருந்தா, 4 வாரம் போய் 1.6 வாரம் மட்டும் நின்னிருக்கும். இந்தத் தொகுப்புக்கு உங்க டேபிள்ல "ஐரோப்பியச் சட்டமா? ஆம்/இல்லை"ன்னு ஒரு காலம் வெச்சா எதைப் போடுவீங்க?

கம்பெனி கை மாறும்போது வேலைக்காரங்களைக் காப்பாத்தற 2006 விதிகளும் இப்படித்தான். டைரக்டிவ் கேட்டது ஒரு பகுதி, சேவை ஒப்பந்தம் கை மாறினாலும் பாதுகாப்பு உண்டுன்னு பிரிட்டன் சொந்தமா சேர்த்தது இன்னொரு பகுதி. அவுட்சோர்சிங்ல ஒப்பந்தம் மாறும்போது வேலையைப் பறிகொடுக்காம இருக்கற ஆளுக்கு இந்த ரெண்டாவது பகுதிதான் சோறு. அந்த வரிசையை டேட்டா என்ட்ரி பண்றவர் எப்படி டிக் போடறார்ங்கறது அந்த ஆளோட பிழைப்பு!

10 மே 2023ல கெமி பேடனாக் பின்வாங்கினார். தானா சாகற விதியை எடுத்துட்டு, அதுக்குப் பதிலா சுமார் 600 சட்டத்தைப் பேர் பேரா எழுதி அதை மட்டும் ரத்து செய்யறோம்னார். 29 ஜூன் 2023ல அது சட்டமாச்சு, அட்டவணையில கடைசியா 587. காலாவதியான மீன்பிடி ஒப்பந்த ஏற்பாடுகள் மாதிரி ஏற்கனவே செத்ததெல்லாம் அதுல நிறைய. "துரோகம்"னு அவர் கட்சிக்காரங்களே கத்தினாங்க. எனக்கு அந்தம்மாவோட அரசியல்ல ஒண்ணும் பிடிக்காது. ஆனா இந்த ஒரு முடிவு சரி. லிஸ்ட் அரைகுறையா இருந்தாலும் இனி யாருக்கும் ஆபத்தில்லை. விட்டுப்போன சட்டம் உயிரோட இருக்கும், அவ்வளவுதான். அதே அரைகுறை டேபிள், ஆனா டீஃபால்ட்டைத் திருப்பிப் போட்டாச்சு. லிஸ்ட்ல இல்லாததுக்கு என்ன ஆகும்ங்கற ஒரு வரிதான் உண்மையான சட்டம். அதை நாடாளுமன்றம் முடிவு பண்ணணும், டாஷ்போர்டு பண்ற டீம் தலையில கட்டக் கூடாது.

சரி, லிஸ்ட் முழுசாவே கிடைச்சிடுச்சுன்னு வெச்சுக்குவோம். "ஒத்துப்போகுதா"ங்கறதாவது ஒரு காலத்துல அடங்குமா? பிரிட்டன் நகல் 2020 கடைசியில உறைஞ்சது. பிரஸ்ஸல்ஸ்ல இருக்கற அசல் மாறிக்கிட்டே போகுது. நீங்க ஒரு எழுத்தைக் கூடத் தொடாம இருந்தாலும் தினமும் விலகிக்கிட்டு இருக்கீங்க. அதனால ஒத்துப்போறதுங்கறது ஒரு சட்டத்தோட குணம் இல்லை, ரெண்டு பதிப்புக்கு நடுவுல ஒரு தேதியில இருக்கற உறவு. வடக்கு அயர்லாந்துல பொருட்கள் சம்பந்தமான சில ஐரோப்பியச் சட்டங்கள் விண்ட்ஸர் ஏற்பாட்டின்படி இன்னும் செல்லும். ஸ்காட்லாந்து 2021ல தனிச் சட்டம் போட்டு, தன் அதிகாரத்துக்குட்பட்ட விஷயத்துல ஐரோப்பாவோட கூடவே நடக்க வழி வெச்சுக்கிச்சு. ஒரே கேள்வி, லண்டன்ல ஒரு பதில், பெல்ஃபாஸ்ட்ல ஒரு பதில், எடின்பரோவுல ஒரு பதில். இதைப் பை சார்ட்டா போடறவனை என்ன சொல்றது?

யூனியனுக்குள்ள நுழையக் காத்திருக்கற நாடுகளைப் பாருங்க. செர்பியாவும் மான்டினீக்ரோவும் ஒத்திசைவு அட்டவணைன்னு ஒண்ணு போடறாங்க. இடது பக்கம் டைரக்டிவோட ஷரத்து, வலது பக்கம் தன் சட்டத்தோட ஷரத்து, முழுசாவா பாதியா இல்லவே இல்லையான்னு வரிக்கு வரி. போர் அடிக்கற வேலை, கண்ணு போயிடும். ஆனா சரியான அளவுகோல் அதுதான். அங்கேயும் "முழு ஒத்திசைவு"ன்னு டிக் விழுந்தா, ஆய்வாளர் நிஜமா தொழிற்சாலைக்குப் போறாரான்னு அந்த டேபிளுக்குத் தெரியாது. அது வேற சண்டை, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.

ஏஐ ரசிகர்களுக்கு: தேடறதுக்குத் தாராளமா வெச்சுக்கோங்க, 1,400ஐ இன்னும் சீக்கிரம் கண்டுபிடிச்சிருக்கலாம். ஆனா அது இந்த விதி ஐரோப்பாவை ஒட்டியதுன்னு சொன்னா, எந்த உட்பிரிவு, எந்த அதிகாரத்துல எழுதினது, எந்தத் தேதிப் பதிப்பு, எந்த ஊருக்குன்னு நாலையும் ஒரு வக்கீல் பார்த்துக் கையெழுத்துப் போடற வரைக்கும் அந்த வரிசைக்கு "சரிபார்க்கலை"ன்னுதான் பேர். அந்த ஸ்டேட்டஸைக் கூட 2022 டாஷ்போர்டுல வைக்கலை. மாறாதது, திருத்தியது, நீக்கியது, மாற்றியது. இந்தக் கலர்கள்ல "தெரியாது"ங்கறதுக்கு ஒரு கலர் இல்லை.