பொறுத்திருக்க வேண்டாம், பரிசோதியுங்கள்

"ஆண் பிள்ளைதானே, மெதுவாகப் பேசுவான்." அங்கன்வாடிப் பணியாளரான நான் அடிக்கடி கேட்கும் ஆறுதல் இது. இந்த ஆறுதலில் பிள்ளையின் பொன்னான மாதங்கள் கரைகின்றன.

ஒன்றரை வயதாகியும் குழந்தை காக்காவை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பிஸ்கட் வேண்டுமென்றால் அம்மாவின் கையை இழுத்துப்போய் டப்பாவின் மேல் வைக்கிறது. இவை ஆட்டிசம் என்னும் வளர்ச்சி வேறுபாட்டின் அறிகுறிகளாக இருக்கலாம். இப்படிப் பார்த்தால் தேதியோடு குறித்து வையுங்கள். செல்போனில் வீடியோ எடுங்கள். புது இடத்தில் மிரண்டு அழும் குழந்தையிடம் மருத்துவர் காண முடியாததை அது காட்டும்.

முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். அடுத்து, அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். ஆட்டிசம் உறுதியானால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சான்றிதழ் கேளுங்கள். அது சலுகையல்ல, உரிமை.

இறுதி முடிவு வரும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆட்டிசம் இல்லையென்று தெரிந்தாலும் அந்தப் பயிற்சி வீணாகாது. "முற்றிலும் குணமாக்குகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

மாமியார்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை: தாயின் வளர்ப்பு ஆட்டிசத்துக்குக் காரணமல்ல. அவளைக் குறை சொல்வதை விட்டு, அவளோடு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.